பன்னாடை எங்கே? திருகோணமலையில் வெளியில் நெருப்பு மூட்டப் பழகுபவர்களுக்கு

நான் முதன்முதலில் வெளியில் நெருப்பு மூட்டியது நிலாவெளிக் கடற்கரையில். கொழும்பிலிருந்து வந்திருந்த மச்சான்மார் மூன்று பேர், நான், ஒரு போத்தல் மண்ணெண்ணெய், இரண்டு நெருப்புப்பெட்டி. கரையொதுங்கிக் கிடந்த தொடை மொத்தக் கட்டை ஒன்றை இழுத்துவந்து மணலில் போட்டு எண்ணெயை ஊற்றினோம். குச்சியைக் கிழித்துப் போட்டதும் இடுப்பளவுக்குச் சுவாலை எழுந்தது. மச்சான்மார் கைதட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் நூர்ந்துவிட்டது. கட்டை கறுத்திருந்ததே தவிர எரியவில்லை. மறுபடி ஊற்றினோம், மறுபடி நூர்ந்தது. மூன்றாம் தடவை ஊற்றியபோது சூடேறிய கட்டையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அதைக் கவனிக்காமல் நான் குனிந்து குச்சியைக் கிழித்தேன். இடது புருவத்தில் பாதி அன்றைக்குப் போனது.

வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்ட வந்தார். "தம்பி, அந்தப் போத்தலை அங்கால வை. பன்னாடை எங்க?" என்றார். என்னைத் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் அந்தச் சொல் பெரும்பாலும் அதற்குத்தானே பயன்படுகிறது. அவர் தென்னைமரங்களின் கீழே போய், மட்டையின் அடியில் துணிபோல ஒட்டியிருக்கும் பன்னாடை ஒரு கை நிறையவும், காய்ந்த பாளை இரண்டும் நாலைந்து சிரட்டையும் கொண்டுவந்தார். ஒரேயொரு குச்சி. நாங்கள் போத்தலை முடிப்பதற்குள் செய்ய முடியாததை அந்த ஒரு குச்சி செய்தது.

அன்று புரிந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். குச்சி கிழிப்பது கடைசி வேலை, அதற்குப் பத்து விநாடி போதும். அதற்கு முந்தைய முக்கால் மணித்தியாலம்தான் நெருப்பு மூட்டுவது. இடம் பார்க்கிறது, காற்றுப் பார்க்கிறது, பொறுக்குகிறது, அடுக்குகிறது எல்லாம் அதற்குள் அடக்கம். புதிதாகத் தொடங்குபவர்கள் பத்து விநாடிக்காகக் கடையில் பொருள் வாங்குகிறார்கள், முக்கால் மணித்தியாலத்தை விட்டுவிடுகிறார்கள்.

இடம்

முதலில் கேளுங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகளுக்கு முன்னால் உள்ள மணலில் மூட்டுவதென்றால் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டும். ஆள் குறைந்த கரையென்றால் பக்கத்து மீனவர் வாடியில் இருப்பவர்களிடமோ கிராம சேவகரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள ஊர். இரவில் கரையில் வெளிச்சம் தெரிந்தால் யாராவது வந்து விசாரிப்பது சாதாரணம். முன்பே சொல்லி வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மாபிள் பீச் போலப் படையினர் பராமரிக்கும் இடங்களில் அவர்களுடைய விதிதான் விதி.

சில இடங்களில் கேட்கவே வேண்டாம். புறாமலை 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வன இலாகாவின் ஒதுக்குக் காடுகளுக்குள் நெருப்பு வைப்பது சட்டப்படி குற்றம். கந்தளாய், சேருவில பக்கம் காட்டோரம் தங்க நினைப்பவர்கள் யானையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெருப்பைக் கண்டால் யானை ஓடும் என்று நம்பிப் படுத்துவிடாதீர்கள். சோற்று வாசனை அதை வரவழைக்கவும் கூடும். ஊர்க்காரர் துணையில்லாமல் அந்தப் பக்கம் இரவில் தங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். போர் நடந்த மாவட்டம் இது. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்காட்டில் மண்ணைத் தோண்டி நெருப்பு வைக்காதீர்கள். மண்ணுக்குள் பழைய வெடிபொருள் ஏதும் கிடந்தால், மேலே எரியும் நெருப்பின் சூடே அதற்குப் போதும். ஆட்கள் வழக்கமாக நடக்கிற, சமைக்கிற இடங்களிலேயே மூட்டுங்கள். துருப்பிடித்த உலோகம் எதையாவது கண்டால் தொடாமல் விலகிவந்து 119 க்குச் சொல்லுங்கள்.

ஆகவே தொடங்குபவர்களுக்கு நல்ல இடம் வெறும் மணல். மணல் எரியாது, அடியில் வேர் இருக்காது, நூர்ப்பதற்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் ஈரமணல் கோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி மேலே வந்தால் கோடைகாலத்தில் அலை தொடாது. தென்னை, சவுக்கு, கிடுகு வேய்ந்த வாடி ஆகியவற்றிலிருந்து நன்றாக விலகுங்கள். கிடுகுக் கூரைக்கு ஒரு பொறி போதும், வாடிக்குள் இயந்திரப் படகின் எண்ணெய்க் கலன்களும் வலைகளும் இருக்கும். ஒருவருடைய பிழைப்பு முழுவதும் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறது. மணலில் அகலமான, தேய்த்துக்கொண்டு போனது போன்ற தடம் கண்டால் அது ஆமை ஏறிய தடமாக இருக்கலாம். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள். முட்டையிட வரும் ஆமையையும், கடலைத் தேடிப் போகும் குஞ்சுகளையும் வெளிச்சம் குழப்பும்.

இடம் முடிவானதும் சுற்றிவர மூன்று மீற்றருக்குள் உள்ள சருகு, ஓலை, பொலித்தீன் எல்லாவற்றையும் அகற்றுங்கள். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு, ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்ணம்போலத் தோண்டுங்கள். தோண்டிய மணலைச் சுற்றி வரம்பாகக் கட்டினால் கல் தேவையில்லை. கல் வேண்டுமென்றே நிற்பவர்கள் கடலுக்குள்ளிருந்து எடுக்காதீர்கள். ஈரம் ஊறிய கல் சூடானால் உள்ளே ஆவி நிறைந்து வெடிக்கும். முருகைக்கல்லை எடுப்பது சட்டத்துக்கும் புறம்பு.

தண்ணீர் வாளியை இப்போதே நிரப்பி வையுங்கள். பிறகு நிரப்பலாம் என்றால் அது நடக்காது.

காற்று

நெருப்பு மூட்டுகிறவருக்குக் கடற்கரையில் மணிக்கூட்டைவிடக் காற்றுத்தான் முக்கியம். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும், அதனால் கடலிலிருந்து கரைக்கு வீசும். இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடும், காற்றுத் திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில், பொழுதுபடும் நேரத்தில், சற்று நேரம் காற்று விழுந்து கிடக்கும். அந்த நேரத்தில் மூட்டுங்கள். முதல் கால் மணித்தியாலம் காற்றுத் தொல்லையில்லாமல் நெருப்பு கால் ஊன்றிக்கொள்ளும்.

வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கச்சான் வீசும் நாட்கள் வேறு கதை. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று வறண்டது, சூடானது, சில நாட்களில் இரவிலும் விடாது. நம் கரை கிழக்குப் பார்த்தது என்பதால் கச்சானில் பொறி கடலை நோக்கிப் போகும், அது கொஞ்சம் ஆறுதல். ஆனால் அதே காற்றில் உள்ளூரில், காய்ந்த புல் நிற்கும் வளவில் மூட்டினால் பொறி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கையில் எடுத்த மணலைத் தோளுயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். நேரே கீழே விழாமல் இரண்டு முழம் தள்ளி விழுந்தால் அன்று மூட்டாமல் விடுவதே நல்லது.

பொறுக்குதல்

இதில்தான் நேரத்தைச் செலவழியுங்கள். மூன்று வகை வேண்டும்: பொறியைப் பிடிக்கும் பஞ்சு போன்றது, அந்தச் சுவாலையைத் தூக்கிக் கொடுக்கும் சுள்ளி, நின்று எரியும் கொள்ளி. மூன்றும் ஒன்றையொன்று கைப்பிடித்து ஏற்றிவிடும் படிகள். எங்கள் நிலாவெளிக் கட்டைக்கு முதல் இரண்டு படியும் இல்லை. மண்ணெண்ணெய் தன்னைத்தான் எரித்ததே தவிர கட்டையை எரிக்கவில்லை. விறகுக்குள் இருக்கும் ஈரம் முதலில் ஆவியாகிப் போக வேண்டும், பிறகுதான் விறகு பற்றும். அந்த வேலைக்குச் சிறிய, நீடித்த சூடு வேண்டும், பெரிய சுவாலை வேண்டியதில்லை.

முதல் வகைக்குத் தென்னையை மிஞ்சியது எதுவுமில்லை. மட்டை மரத்தோடு சேரும் இடத்தில் மண்ணிறத் துணிபோலச் சுற்றியிருப்பதுதான் பன்னாடை. கள்ளு வடிக்கப் பயன்பட்டது. கள்ளைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தான் வைத்துக்கொள்வதால் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. மெல்லிய நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு, இயற்கையே நெருப்புக்கென்று நெய்து கொடுத்ததுபோல இருக்கும். மரத்தில் ஏற வேண்டாம், விழுந்த மட்டைகளின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கித் தேங்காய் அளவுக்கு இரண்டு உருண்டை செய்யுங்கள்.

பன்னாடை கிடைக்காவிட்டால் தும்பு. காய்ந்த பொச்சுமட்டையைப் பிரித்து நாரை உருவி, அதையும் கசக்கிப் பஞ்சாக்குங்கள். பழைய தும்புத்தடி ஒன்று வீட்டில் இருந்தால் அதிலிருந்தும் உருவலாம், வீட்டுக்காரரின் அனுமதி உங்கள் பாடு. சவுக்கின் கீழே கிடக்கும் ஊசிச் சருகு மேலாகப் பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் ஈரமாக இருக்கும். மேல் அடுக்கை மட்டும் அள்ளுங்கள். பனை நிற்கும் பக்கமென்றால் காவோலை அருமையானது, படபடவென்று எரியும். ஆனால் எரிந்த துண்டுகள் காற்றில் பறக்கும் என்பதால் சிறு கீற்றுகளாகக் கிழித்துப் போடுங்கள்.

சுள்ளிக்குத் தென்னோலை ஈர்க்கு முதல் பென்சில் மொத்தம் வரை. ஒரு பெரிய அணைப்பு வேண்டும். போதும் என்று நினைக்கும்போது இன்னொரு அணைப்பு பொறுக்குங்கள். நெருப்பு நூர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுள்ளியை முறித்துப் பாருங்கள். டிக் என்று ஒடிந்தால் எடுக்கலாம், வளைந்து நார்நாராகக் கிழிந்தால் போட்டுவிடுங்கள். நிலத்தில் கிடப்பதைவிட, கிளைகளில் சிக்கித் தொங்கும் காய்ந்த குச்சி நன்றாகக் காய்ந்திருக்கும். காய்ந்த தென்னம்பாளையை நீளவாக்கில் பிளந்தால் அருமையான சுள்ளி. சொல்லப்போனால், சுள்ளிக்கும் கொள்ளிக்கும் நடுவே உள்ள பாலம் அது.

கொள்ளி பெருவிரல் மொத்தம் முதல் மணிக்கட்டு மொத்தம் வரை. இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பேச, முழங்கால் உயரக் குவியல் வேண்டும். சிரட்டை சேர்த்தால் சூடு பலமாக இருக்கும், தணலும் நல்லதாக விழும். பொச்சுமட்டை சுவாலை தராது, உள்ளே புகைந்துகொண்டே கிடக்கும். நுளம்புக்கு அது நல்லது. காற்று வரும் பக்கத்தில் ஓரமாக ஒரு மட்டையை வையுங்கள், வேண்டுமானால் மேலே வேப்பிலை ஒரு கொத்து. பனைப்பக்கத்துக் கங்குமட்டையும் (பனைமட்டையின் அடித்துண்டு) ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) கிடைத்தால் விடாதீர்கள். பாலை, வீரை போன்ற வைரமான மரங்கள் பற்ற நேரமெடுக்கும், பற்றினால் தணல் நெடுநேரம் நிற்கும். அவை விழுந்து கிடந்தால் மட்டும், அல்லது விறகுக்கடைக் கட்டில் வந்தால் மட்டும். நிற்கும் மரத்தில் கத்தி வைக்க வேண்டாம். பச்சை மரம் எரியவும் எரியாது.

எரிக்கக் கூடாதவையும் உண்டு. களப்போரம் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், புகையும் கண்ணைக் கெடுக்கும். களப்போர விறகு எது என்று தெரியாவிட்டால் எடுக்கவே வேண்டாம். கண்டல் மரங்கள் பாதுகாக்கப்பட்டவை. அலரி நஞ்சு, அதன் குச்சியில் மீனைக் குத்திச் சுடுவது பேராபத்து. கரையொதுங்கிய கட்டை உப்பில் ஊறியது. உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்தும் எங்கள் கட்டை எரியவில்லை. அதன் புகை சமையலுக்கும் ஆகாது. பெயின்ற் அடித்த பலகை, படகின் ஃபைபர் துண்டு, நைலோன் வலை, மீன் பெட்டி ரெஜிபோம், பழைய சிலிப்பர் கட்டை எல்லாம் நச்சுப் புகை. குப்பையை எரித்துவிட்டுப் போனால் கரை சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அதைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

அடுக்குதல்

பல முறைகள் இருக்கின்றன. முதலில் கூம்பு ஒன்றை மட்டும் பழகுங்கள், மற்றவை தானாக வரும்.

குழியின் அடியில் விரல் மொத்தக் காய்ந்த மட்டைத்துண்டுகளை நெருக்கமாகப் பரப்புங்கள். மணலின் ஈரமும் குளிரும் மேலே ஏறாமல் அது தடுக்கும். அதன் நடுவில் ஒரு பன்னாடை உருண்டை. அதைச் சுற்றி ஈர்க்குக் குச்சிகளைக் கூடாரம்போலச் சாய்த்து வையுங்கள், நுனிகள் மேலே ஒன்றையொன்று தாங்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் கை போகிற அளவுக்கு வாசல் விடுங்கள். ஈர்க்குக்கு வெளியே பென்சில் மொத்தம், அதற்கு வெளியே பாளைக் கீற்று. கொள்ளியை இப்போது வைக்க வேண்டாம். எல்லாரும் செய்யும் பிழை அதுதான். நெருப்பு பிடிக்கும் முன்னரே மேலே பாரத்தை ஏற்றிக் கூம்பைச் சரித்து மூச்சுமுட்ட வைத்துவிடுவார்கள். குச்சிகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் போகும் இடத்தால் காற்றும் போகும்.

காற்று பலமென்றால் வேறு முறை: மணிக்கட்டு மொத்தக் கொள்ளி இரண்டைக் காற்றின் திசையில் நீளமாக, ஒரு சாண் இடைவெளி விட்டுப் படுக்க வைத்து, நடுவில் மூட்டுங்கள். காற்று அந்த ஓடையால் போகும், மேலே கேத்தலும் நிற்கும். சமையல்தான் நோக்கமென்றால் மூன்று கல் அடுப்பே போதும், அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 இல் காஸ் கிடைக்காத மாதங்களில் வளவுக்கு வளவு அந்த அடுப்பு திரும்பி வந்ததே. இரண்டு குழி தோண்டி அடியில் சுரங்கம் வைத்து மூட்டும் முறையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இறுகிய மண்ணில் அது நன்றாக வேலை செய்யும், காற்றிலும் பொறி பறக்காது. நம் கடற்கரை மணலில் முயன்றால் சுரங்கம் இடிந்து உங்கள் மாலை முழுவதும் தோண்டுவதிலேயே போகும்.

பற்றவைத்தல்

இரண்டாவது பன்னாடை உருண்டையை அரைவாசியாகப் பிரித்துக் கையில் எடுத்து, காற்றுக்கு முதுகு காட்டிக் குந்துங்கள். குச்சியைக் கிழித்து, அதன் தலையைக் கீழே சாய்த்து, சுவாலை குச்சியில் ஏறும்வரை இரண்டு விநாடி கைக்குள் பொத்தி வையுங்கள். பிறகு பன்னாடையின் அடிப்பக்கத்தில் கொடுங்கள். நெருப்பு மேலே ஏறும் சாதி, அதனால் எப்போதும் கீழிருந்து. பற்றியதும் வாசல் வழியாக உள்ளே வையுங்கள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கிண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஈர்க்குகள் வெடிக்கும் சத்தம் கேட்ட பிறகு பென்சில் மொத்தத்தை ஒவ்வொன்றாகச் சாய்த்து வையுங்கள், அவை பற்றிய பிறகு பெருவிரல் மொத்தம். முதல் கொள்ளி போக ஏழெட்டு நிமிடம் ஆகும்.

சுவாலை விழுந்து புகை மட்டும் வந்தால் காற்றுப் போதவில்லை. தணல் தெரியும் இடத்தைப் பார்த்துத் தாழ்வாக, நீளமாக ஊதுங்கள். பப்பாசி இலைக்காம்பு நல்ல ஊதுகுழல், முகம் புகையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும். மூச்சை இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கடலோரக் காற்றில் நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கம் நமுத்துப்போகும். மூடி இறுகிய போத்தலில் குச்சியையும் உரசும் அட்டையையும் போட்டு வையுங்கள், கூடவே ஒரு லைற்றர். லைற்றரை வெயில் மணலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், வெடிக்கக்கூடியது.

பன்னாடையும் இல்லை, எல்லாம் கொஞ்சம் ஈரம் என்றால் எனக்குப் பிடித்தது கற்பூரம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழிக் கடைகளிலேயே வாங்கலாம். தண்ணீர் அதில் ஊறாது, ஒரு குச்சியில் பிடிக்கும், இரண்டு மூன்று வில்லை சேர்த்து வைத்தால் ஈரச்சுள்ளி காயும்வரை எரியும். திறந்து வைத்தால் கரைந்து காற்றோடு போய்விடும், டப்பாவில் இறுக மூடுங்கள். விழுங்கினால் நஞ்சு, பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள். அது எரிந்து முடியும்வரை மீனை மேலே பிடிக்க வேண்டாம். மெழுகுதிரித் துண்டும் இதே வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யும்.

பெற்றோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, நிலத்தோடு ஊர்ந்து உங்கள் கால் வரை வந்து நிற்கும், குச்சி கிழித்ததும் கால் எரியும். மண்ணெண்ணெய் பெற்றோல் அளவுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அதுவும் 38 பாகை செல்சியஸ் அளவில் பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும், நண்பகல் மணலின் சூடு அதற்கு மேல். எரிந்த கட்டையின் சூட்டைக் கேட்கவா வேண்டும்? என் புருவத்தின் கதை அதுதான்.

குச்சியே இல்லாமல் மூட்டும் வழிகளையும் கேட்பார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது பூதக்கண்ணாடியால் சூரியனைப் புள்ளியாக்கி, கருகிய தும்பில் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் புகையும். மெல்லிய இரும்புக் கம்பளியில் 9 வோல்ற் பற்றரியின் இரண்டு முனையையும் தொட்டால் சிவந்து எரியும். சட்டி தேய்க்கும் துருப்பிடிக்காத சுருள் கம்பி இதற்கு உதவாது. தீப்பொறிக் கம்பி என்று விற்கிறார்கள், கத்தியின் முதுகால் வழித்தால் சூடான பொறி கொட்டும், நனைந்தாலும் வேலை செய்யும். பழகினால் நல்ல பொருள். கம்பியை அசையாமல் பிடித்துக் கத்தியைத் தள்ளுவதைவிட, கத்தியை அசையாமல் பிடித்துக் கம்பியைப் பின்னால் இழுங்கள். அப்போதுதான் அடுக்கிய பன்னாடை சிதறாது.

கட்டையைக் கடைந்து மூட்டுவது? யாகங்களில் அரணிக்கட்டை கடைவதைப் பார்த்திருப்பீர்கள். பழந்தமிழில் ஞெலிகோல், தீக்கடைகோல் என்று அதற்குப் பெயர்கூட உண்டு. நானும் ஒரு விடுமுறை முழுவதும் முயன்றேன். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம், நிறையப் புகை, நெருப்பு ஒரு தடவைகூட இல்லை. ஆசைக்குச் செய்து பாருங்கள், இரவுச் சாப்பாட்டை அதை நம்பி வைக்காதீர்கள்.

மாரியில்

ஐப்பசி முதல் தை வரை நம் பக்கம் மழை. அந்த நாட்களில் கரையில் மூட்டுவதை நான் தொடக்கக்காரர்களுக்குச் சொல்லமாட்டேன், வாடைக்காற்றும் அலையும் இடம் கொடுக்காது. வளவுக்குள், ஒதுக்கிடத்தில் பழகலாம். அப்போது ஒரு விடயம் தெரிந்திருந்தால் போதும்: மழை விறகின் வெளியைத்தான் நனைக்கும். பட்டுப்போய் நிற்கும் கிளையைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள்மரத்தைக் கத்தியால் சுருள்சுருளாகச் சீவுங்கள், குச்சியோடு ஒட்டியபடியே விட்டால் இன்னும் நல்லது. பொச்சுமட்டைக் குவியலின் அடி, பாளையின் உட்புறம், கூரை இறப்பின் கீழ்க் கிடக்கும் ஓலை எல்லாம் தேடுங்கள். சைக்கிள் ரியூப்பை விரல் அகலத்துக்கு வெட்டி ஒரு துண்டு வைத்தால் கொட்டும் மழையிலும் பிடிக்கும். நாற்றம் பொல்லாதது, சமையலுக்கு ஆகாது. அடுத்துப் போட வேண்டிய விறகை நெருப்பைச் சுற்றி நிறுத்திக் காயவிடுங்கள்.

இதெல்லாம் எதற்கு, வெந்நீர்தான் வேண்டும் என்றால் கன்னியாவுக்குப் போங்கள். ஏழு கிணற்றிலும் நெருப்பில்லாமலே சூடாக இருக்கிறது.

சமையல் பற்றி ஒன்றுதான். சுவாலையில் சமைக்காதீர்கள், தணல் விழும்வரை பொறுங்கள். சுவாலையில் சுட்ட மீன் வெளியே கரி, உள்ளே பச்சை. சிரட்டைத் தணலில் உப்பும் மிளகாயும் தடவிய விளைமீன், ஓரச் சாம்பலுக்குள் தோலோடு புதைத்த மரவள்ளி, பிறகு ஒரு பிளேன்ரீ. சம்பலை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

நூர்த்தல்

கடற்கரையில் எல்லாரும் செய்வது, மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவது. மிகவும் பிழையான வேலை. மணல் சூட்டை உள்ளே பொத்தி வைக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்கு இப்படித்தான் இரண்டு உள்ளங்காலும் வெந்தது. யாரோ முந்திய இரவு மூடிவிட்டுப் போன தணல்.

கிளம்புவதற்கு அரை மணித்தியாலம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். மிச்சக் கொள்ளிகளைப் பிரித்துப் பரப்பி வாளித் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சுடுநீராவி முகத்தில் அடிக்கும். தடியால் கிண்டுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். சீறும் சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பாருங்கள், பிறகு தொட்டுப் பாருங்கள். அடிமணலிலும் சூடு இல்லாவிட்டால்தான் குழியை மூடலாம்.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலோ முகம், கை, கால்மூட்டு என்றாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். அவசர அம்புலன்ஸுக்கு 1990.

குழியை மூடும் முன்பு, பாதி கருகி நின்றுபோன தும்பும் பன்னாடையும் இருந்தால் ஒரு பிடி எடுத்து வையுங்கள். வீட்டில் நன்றாகக் காயவைத்து மூடி இறுகிய ரின்னில் போட்டால், அடுத்த முறை ஒரு பொறியிலேயே பிடிக்கும். நிலாவெளி வயதானவர் அன்று போகும்போது தன் மடியில் கொஞ்சம் முடிந்துகொண்டு போனது அதைத்தான் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.